கை படும்வரை நிற்கும்

தொப்பம்பட்டியில் எங்கள் அம்மாயி வீடு இருந்த இடத்தில் சென்ற ஆண்டு வரை ஒரு மேடு இருந்தது. மேலே வேலிக்காத்தான் முளைத்திருந்தது. ஓரத்தில் ஓர் ஆமணக்குச் செடி. மேய வரும் வெள்ளாடுகள் உச்சியில் ஏறி நின்று தெற்கே பழநி மலைத்தொடரைப் பார்த்தபடி அசைபோடும். விவரம் தெரியாதவர்கள், யாரோ நான்கு வண்டி மண்ணைக் கொட்டிவைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அம்மாயி இருந்தவரை அது சுண்ணாம்பு அடித்த மண்சுவர் வீடு. கருங்கல் அடிமானம், ஒன்றரை அடி கனத்தில் செம்மண் சுவர், மேலே நாட்டோடு. ஒவ்வொரு தை பிறக்கும் முன்பும், காப்புக் கட்டுவதற்கு முதல் வாரமே, அம்மாயி செம்மண்ணைச் சலித்து, சாணியும் பதரும் கலந்து, இரண்டு நாள் ஊறவைப்பார். மழைக்காலத்தில் சாரல் அரித்துத் தின்ற இடங்களையெல்லாம் அந்தக் குழைசேற்றால் பூசி, உள்ளங்கையால் வளைத்து வளைத்து இழுப்பார். காய்ந்ததும் சுண்ணாம்பு. அடுத்த ஐப்பசி வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது.

பக்கத்துத் தெருவில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் மேற்குச் சுவர் ஒரு கார்த்திகை மழையில் விழுந்தபோது, "மழை தள்ளிருச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாயி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"மழை எங்க கண்ணு தள்ளுச்சு? அது வருசா வருசம்தான் பேயுது. கை படாமப் போச்சு, அதான் விழுந்துருச்சு."

அவர் போன பிறகு எங்கள் வீட்டிலும் கை படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் வீடு மேடானது. அம்மாயி சொன்னது எவ்வளவு துல்லியமான கூற்று என்பதை, ஊரிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழைய மண் நகரம் ஒன்றின் மேல் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

கருப்பு வளையல்கள்

ராஜஸ்தானின் வடகோடியில் ஹனுமான்கர் மாவட்டத்தில் இருக்கிறது காளிபங்கன். நான் போனது ஜனவரியில். கால்வாய்ப் பாசனம் வந்துவிட்ட பூமி அது. வழி நெடுகக் கோதுமைப் பச்சையும் கடுகுப் பூவின் மஞ்சளும். அந்த வயல்களுக்கு நடுவே காய்ந்துபோன கக்கர் ஆற்றின் தென்கரையில் திடீரென்று நிலம் உயர்கிறது. பழுப்பு நிறத்தில், மரம் மட்டையில்லாமல், அடுத்தடுத்து இரண்டு பெரிய மேடுகள்.

மொகஞ்சதாரோவின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே பார்க்க அதிகம் இல்லை. அகழ்ந்த குழிகளில் பெரும்பகுதியை மீண்டும் மண்ணிட்டு மூடிவிட்டார்கள். ஆனால் குனிந்து பார்த்தால் கால் வைக்க இடமில்லாமல் பானை ஓடுகள். அவற்றுக்கிடையே சுண்டுவிரல் கனத்தில் வளைந்த சுடுமண் துண்டுகள். அவை உடைந்த வளையல்கள். காளிபங்கன் என்ற பெயருக்கே கருப்பு வளையல்கள் என்பதுதான் பொருள். தொல்லியலாளர்கள் வந்து பார்ப்பதற்கு முன்பே, இந்த மேட்டில் மாடு மேய்த்தவர்கள் இங்கே யாரோ வாழ்ந்தார்கள் என்பதைக் கண்டுகொண்டு, அதை ஊர்ப்பெயராகவும் எழுதிவைத்துவிட்டார்கள்.

இத்தாலியரான லூயிஜி தெஸ்ஸிதோரி இந்த மேடுகளை 1910களின் இறுதியில் பார்வையிட்டார். ராஜஸ்தானி மொழியிலும் அதன் கதைப்பாடல்களிலும் ஊறியவர் அவர். இவை மிகப் பழமையானவை என்று அவர் உணர்ந்தார். ஆனால் எவ்வளவு பழமை என்று அளக்க அன்று அளவுகோல் இல்லை. அவர் 1919இல் பிகானேரில் இளம் வயதிலேயே இறந்துபோனார். சிந்துவெளி நாகரிகம் என்ற ஒன்று இருந்ததாக ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924இல். நாடு விடுதலை பெற்றபின் அமலானந்த கோஷ் இங்கே வந்து, இது சிந்துவெளிக் காலத்து ஊர்தான் என்று அடையாளம் கண்டார். 1960களில் பி.பி. லால், பி.கே. தாப்பர் ஆகியோரின் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை தொடர்ந்து பல பருவங்கள் அகழ்ந்தது.

வெளியே வந்தது ஒரு முழு நகரம். மேற்கு மேட்டில் கோட்டை. கிழக்கு மேட்டில் மக்கள் வாழ்ந்த ஊர். ஊரைச் சுற்றி மதில். உள்ளே நேர்கோட்டில் தெருக்கள். அந்தத் தெருக்களின் அகலம் 1.8 மீட்டர், 3.6, 5.4, 7.2 என்று ஒரே அலகின் மடங்குகளாக இருந்தது. சந்து எவ்வளவு, தெரு எவ்வளவு, பெருந்தெரு எவ்வளவு என்று யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள். இந்த நகரத்தின் சுவர்களில் மிகப் பெரும்பாலானவை சூளையைக் காணாதவை. வெயிலில் மட்டும் காய்ந்த பச்சைச் செங்கல். கோட்டை மதில் 3 முதல் 7 மீட்டர் வரை கனம். அதுவும் பச்சைச் செங்கல்தான்.

செங்கல்லின் அளவிலும் ஒழுங்கு இருந்தது. இந்த நகரத்துக்கு முன் அங்கே இருந்த பழைய ஊரில் வாழ்ந்தவர்கள் 30 செ.மீ. நீளம், 20 அகலம், 10 கனம் என்று அறுத்தார்கள், விகிதம் 3:2:1. கி.மு. 2600 வாக்கில் தொடங்கிய நகரக் காலத்தில் அது 4:2:1 என்று மாறியது, 30 செ.மீ. நீளத்துக்கு 15 அகலம், 7.5 கனம். நீளம் அகலத்தைப் போல் சரியாக இருமடங்கு இருக்கும்போது, இரண்டு கல்லைக் குறுக்கே வைத்தால் ஒரு கல்லின் நீளம் வந்துவிடும். கல்லை உடைக்காமல் வரிசை மாற்றிக் கட்டலாம். இணைப்பு மேல் இணைப்பு விழாமல் சுவரைப் பின்னலாம். இன்றைய கொத்தனாரும் இதே கணக்கில்தான் கல் வைக்கிறார்.

அந்த ஊருக்குச் சூளை தெரியாமல் இல்லை. சுட்ட செங்கல்லும் அங்கே கிடைத்தது. கிணறு, சாக்கடை, குளிக்கும் இடத்துத் தளம், வாசற்படி. தண்ணீர் படும் இடத்துக்கும் கால் தேய்க்கும் இடத்துக்கும் சுட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் சுடாதது. மண்ணின் குணத்தை இதைவிடத் தெளிவாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. அந்தக் குணம் என்ன என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

பிடித்து வைக்கும் தண்ணீர்

உங்கள் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து, கண்ணாடிப் புட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். சில நொடிகளில் மணல் அடியில் தங்கும். சில நிமிடங்கள் முதல் மணிக்கணக்கு வரை வண்டல் அதன்மேல் படியும். அடுத்த நாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால், அந்தக் கலங்கல்தான் களிமண். அதன் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்குக்கும் குறைவானவை. தட்டுத் தட்டாக, அப்பளம்போல் இருப்பவை.

சுவருக்கு இந்த மூன்றும் வேண்டும். மணல் எலும்பு, களிமண் பசை, வண்டல் இடைவெளியை நிரப்புவது. களிமண் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பங்கு இருந்தால் நல்லது என்பது பொதுக்கணக்கு. குறைந்தால் சுவர் பொலபொலவென்று உதிரும். கூடினால் காயும்போது வெடிக்கும்.

எந்தக் களிமண் என்பதும் முக்கியம். எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் மிகுதியாக இருப்பது கயோலினைட் வகை. அதன் தட்டுகளுக்குள்ளே தண்ணீர் புகாது. கரிசலில் இருப்பது மான்ட்மோரில்லனைட் வகை. தட்டுகளுக்கிடையே தண்ணீர் புகுந்து உப்பவைக்கும், வெளியேறும்போது சுருங்கவைக்கும். கோடையில் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவது இதனால்தான். பருத்திக்குக் கரிசல், சுவருக்குச் செம்மண் என்று ஊரார் பிரித்து வைத்திருப்பதன் பின்னால் இந்தக் கனிம வேறுபாடு இருக்கிறது. சாணியும் பதரும் வைக்கோலும் சேர்ப்பது நார்களுக்காக. மண் காய்ந்து சுருங்கும்போது எழும் இழுவிசையை நார்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே இடத்தில் பெரிய வெடிப்பு விழ வேண்டியது, கண்ணுக்குத் தெரியாத நூறு சிறு கீறல்களாகப் பரவிவிடுகிறது.

சரி, காய்ந்த மண்ணை எது பிடித்து வைத்திருக்கிறது? தண்ணீர்தான்.

கடற்கரையில் குழந்தைகள் மணல்வீடு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். காய்ந்த மணலில் கட்ட முடியாது. அலை நனைத்த கூழிலும் முடியாது. ஈரமணலில் மட்டுமே முடியும். இரண்டு மணல் துகள்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் நீர்த்துளி, தன் பரப்பு இழுவிசையால் இரண்டையும் ஒன்றை ஒன்று நோக்கி இழுக்கிறது. இடைவெளி சிறிதாகச் சிறிதாக இழுப்பு பெருகும். களிமண் தட்டுகளுக்கிடையே உள்ள இடைவெளி மிக மிகச் சிறியது. அங்கே ஒட்டியிருக்கும் நீரை வெயிலால் முழுவதும் எடுத்துவிட முடியாது. எலும்பாய்க் காய்ந்ததாகத் தோன்றும் சுவரிலும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அந்த நீர் இருந்துகொண்டே இருக்கும். சுவரின் உறுதியில் பெரும்பங்கு அதன் இழுப்பினால் வருவது.

அதே சுவரில் தண்ணீர் முழுக்க நிறைந்துவிட்டால், துளி என்று ஒன்று தனியாக இல்லாமல் போகிறது. துளி இல்லாவிட்டால் இழுப்பும் இல்லை. சுவர் சேறாகி வழிகிறது. கொஞ்சம் தண்ணீர் கட்டிப் பிடிக்கிறது, நிறையத் தண்ணீர் அவிழ்த்து விடுகிறது.

சுடுவது முற்றிலும் வேறு வேலை. களிமண்ணை 500, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால், தட்டுகளின் கனிம அமைப்பிலேயே கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறி, அமைப்பு மாறிவிடுகிறது. அதன்பின் எத்தனை ஆண்டு ஊறவைத்தாலும் அது சேறாகாது. பச்சைச் செங்கல்லை எப்போது வேண்டுமானாலும் குழைத்து மீண்டும் அறுக்கலாம். சுட்ட செங்கல் உடைந்தால் உடைந்ததுதான்.

இப்போது ஒரு கணக்கு. நல்ல பச்சைச் செங்கல் ஒரு சதுர செ.மீ. பரப்பில் 10 கிலோ பாரத்தை எளிதாகத் தாங்கும். ஒரு கன மீட்டர் மண்சுவரின் எடை 1.8 டன் என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டர் உயரச் சுவர் தன் அடிவரிசையில் ஏற்றும் பாரம் சதுர செ.மீ.க்கு அரைக் கிலோவை ஒட்டித்தான் வருகிறது. தாங்கும் திறன் அதைப்போல் ஏறத்தாழ பதினெட்டு மடங்கு. கூரையையும் பரணையும் சேர்த்தாலும் கவலையில்லை. காய்ந்த மண்சுவர் பாரத்தால் விழாது.

வெயிலையும் அது தாங்கும், நமக்காகத் தாங்கிக் கொடுக்கும். 30 செ.மீ. கனமுள்ள மண்சுவரின் வெளிமுகத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் படும் உச்ச வெப்பம், உள்முகத்துக்கு வந்துசேர ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகும். வந்து சேரும்போது அதன் ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமிருக்காது. அம்மாயி வீட்டில் சித்திரை மத்தியானத்தில் திண்ணையைத் தாண்டி உள்ளே போனதும் உடம்பு குளிர்ந்ததற்கு இதுதான் காரணம்.

சுவர் தன்னையே புதைத்துக்கொள்கிறது

அப்படியானால் எது சுவரை வீழ்த்துகிறது? அடிப்பக்கம். கூரையிலிருந்து விழும் தண்ணீர் தரையில் தெறித்து அடிச்சுவரை நனைக்கும். நிலத்து ஈரம் நுண்துளைகள் வழியே ஏறி, முழங்கால் உயரத்தில் காற்றில் ஆவியாகும். நீர் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு போகாது. துளைகளுக்குள் உப்பு படிகமாக வளர்ந்து, மண்ணை உள்ளிருந்து நெம்பும். சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். ஆண்டுதோறும் அடிப்பக்கம் ஒரு விரல், இரண்டு விரல் என்று உள்ளே போகும். மேற்பாதி கனம் குறையாமல் இருக்க, அடிப்பாதி மெலிந்துகொண்டே வரும். ஒருநாள் சுவர் சாயும். அன்று மழை பெய்தால் பழி மழை மேல்.

தைக்கு முன் அம்மாயி பூசியது முழங்கால் உயரத்துக்குக் கீழேதான் அதிகம். உதிர்ந்த இரண்டு விரல் கனத்தை இரண்டு விரல் கனச் சேற்றால் திருப்பிக் கொடுத்தார். காளிபங்கனின் பழைய மதிலிலும் உள்முகம், வெளிமுகம் இரண்டிலும் மண்பூச்சு இருந்ததை அகழ்ந்தவர்கள் கண்டார்கள். பூச்சு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாக எந்த மண் ஊரிலும் இருந்ததில்லை. மதில் நின்ற காலமெல்லாம் அதன் மேல் கைகள் ஓடியிருக்கின்றன.

கைகள் நின்றபின் நடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. விழும் மேற்சுவர் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. அடிச்சுவரின் இருபக்கமும் சரிந்து குவிகிறது. அந்தக் குவியல் அடிச்சுவரைத் தெறிப்பிலிருந்தும் காற்றிலிருந்தும் மறைக்கிறது. எந்த இடம் மிகவும் அரிபட்டதோ அந்த இடத்துக்கே போர்வை கிடைக்கிறது. ஒரு கட்டத்துக்குப் பின் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

எங்கள் வீட்டையே அளந்து பார்த்தேன். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வெளிச்சுவரும் ஒரு குறுக்குச் சுவருமாகச் சேர்த்து 38 மீட்டர். கனம் 45 செ.மீ., உயரம் 2.7 மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 46 கன மீட்டர் மண். அதை வீட்டின் 60 சதுர மீட்டர் பரப்பில் பரப்பினால், முக்கால் மீட்டர் உயரம் வருகிறது. கொஞ்சம் வெளியே வழிந்திருந்தாலும், தொடையளவு மண்ணுக்குக் கீழே தரையும் அடிச்சுவரும் பத்திரமாக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கே இவ்வளவு. விழுந்த வீட்டைச் சமன்செய்து அதன்மேல் அடுத்த தலைமுறை வீடு கட்டி, அதுவும் விழுந்து, அதன்மேல் இன்னொன்று என்று பல நூறு ஆண்டு போனால் ஊரே உயரும். தமிழ்நாட்டில் நத்தமேடு என்று பெயர் பெற்ற இடங்களில் பலவும் இப்படி எழுந்தவை.

சுட்ட செங்கல் ஊர்களுக்கு இந்தக் காப்பு இல்லை. 1850களில் லாகூர்–முல்தான் ரயில் பாதை போட்டபோது, ஒப்பந்தக்காரர்கள் ஹரப்பாவின் செங்கற்களை வண்டி வண்டியாக எடுத்துப் பாதைக்குக் கொட்டினார்கள். உறுதியாக இருந்ததே அந்தச் செங்கற்களுக்கு வினையானது. பச்சைச் செங்கல்லைச் செங்கல்லாக யாரும் அப்படி அள்ளிப் போவதில்லை. அது இருந்த இடத்திலேயே கிடந்து, தன் நகரத்தைத் தானே மூடி வைக்கிறது.

மண்ணுக்குள் மண்ணைத் தேடுதல்

மூடியதைத் திறப்பது லேசான வேலை இல்லை. சுவரும் மண், சுவரை மூடியதும் அதே சுவரின் மண். மண்வெட்டி எந்த இடத்தில் நிற்க வேண்டும்?

கைதேர்ந்த அகழ்வாளர் முதலில் சிறு கரணையால் தரையைச் சீராகச் சுரண்டுவார். பிறகு மெல்லத் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார். செங்கற்களின் மண்ணும் அவற்றை ஒட்டவைத்த சேற்றின் மண்ணும் ஒரே கலவை இல்லை. அதனால் இரண்டும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. காய்ந்துவரும் அந்தச் சில நிமிடங்களில் தரையில் மெல்லிய கட்டங்கள் தெரியும். செங்கல் வரிசை, இணைப்புக்கோடு, மூலை. முழுதும் காய்ந்ததும் மீண்டும் மறைந்துவிடும். அதற்குள் ஆணியால் கோடு கீறிக்கொள்ள வேண்டும். சரிந்து குவிந்த மண்ணில் இந்தக் கட்டங்கள் இராது. மழை கழுவிப் படியவைத்த மெல்லிய வரிகள்தான் இருக்கும். கரணை படும் ஓசையிலேயே வேறுபாட்டைச் சொல்லும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள்.

காளிபங்கனில் இந்தப் பொறுமைக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசு ஒரு சுவர்கூட இல்லை. பழைய ஊரின் மதிலுக்கு வெளியே, தென்கிழக்கில், ஓர் உழுத வயல். கிழக்கு மேற்காக 30 செ.மீ. இடைவெளியில் நெருக்கமான சால்கள். அவற்றின் குறுக்கே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 1.9 மீட்டர் இடைவெளியில் அகன்ற சால்கள். நகரக் காலத்துக்கும் முந்தியது. உழுத நிலம் என்று உலகில் அகழ்ந்து காணப்பட்டவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அகழ்வாளர்கள் வியந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வயல்களில் விவசாயிகள் அதே முறையில்தான் விதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு திசையில் கொண்டைக்கடலை, குறுக்கே கடுகு. உயரமாக வளரும் கடுகின் நிழல் கடலைமேல் விழாமலிருக்க அகன்ற இடைவெளி. நிலக்கடலைக் காட்டில் துவரையைத் தள்ளித் தள்ளி ஊடுபயிராகப் போட்டு வளர்ந்த எனக்கு, அந்த வரைபடத்தைப் படிக்க மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்தப் பழைய ஊர் நிலநடுக்கத்தில் சிதைந்தது என்று லால் கருதினார். சுவர்கள் விலகிப் பிளந்திருந்ததை அவர் சான்றாகக் காட்டினார். ஆனால் ஊர் அதோடு முடியவில்லை. மக்கள் திரும்பி வந்து, மேட்டின்மேல் புதிய நகரத்தைக் கட்டினார்கள். இடிந்ததைக் கட்ட அவர்களுக்குத் தேவைப்பட்டது மண்ணும் தண்ணீரும் கைகளும்தான். கி.மு. 1900ஐ ஒட்டிய காலத்தில், கக்கர் வற்றியபோதுதான் நகரம் காலியானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மி.மீ. மட்டுமே பெய்யும் அந்த மண்ணில் மழை நகரத்தைக் கரைத்திருக்காது. ஆறு போனது, ஆட்கள் போனார்கள், பூசக் கை இல்லை.

கடலுக்கு அப்பால் இரண்டு ஊர்கள்

பச்சைச் செங்கல்லுக்கு உலகம் இன்று வழங்கும் பெயர் அடோபி. பழைய எகிப்தியச் சொல் ஒன்று அரபு வழியாக ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கக் கண்டம் சேர்ந்து இப்படி ஆனது. அந்தக் கண்டத்தின் மிகப் பெரிய அடோபி நகரம் பெரு நாட்டின் கடலோரப் பாலைவனத்தில் இருக்கிறது. பெயர் சான் சான். சிமு மக்களின் தலைநகரம். ஏறத்தாழ 20 சதுர கி.மீ. பரப்பு, வானுயர்ந்த மதில்கள், அவற்றில் மீனும் பறவையும் அலையுமாகப் புடைப்புச் சித்திரங்கள். 1470 வாக்கில் இன்காக்கள் அதைக் கைப்பற்றினார்கள். நகரம் மெல்லக் காலியானது. யுனெஸ்கோ 1986இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோதே, ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தது. மழையே அறியாத அந்தக் கரையில் எல் நினோ ஆண்டுகளில் கொட்டும் மழை, திறந்து கிடக்கும் சுவர்களைக் கரைக்கிறது. அகழ்ந்து திறந்த மண்சுவர் போர்வை இழந்த சுவர். காளிபங்கனில் குழிகளை மூடியதன் நியாயம் இங்கே புரிகிறது.

மாலி நாட்டின் ஜென்னே நகரத்துப் பெரிய மசூதி இதற்கு நேர்மாறு. இன்றைய கட்டடம் 1907இல் எழுந்தது. உலகின் மிகப் பெரிய மண் கட்டடங்களில் ஒன்று. அந்த ஊரிலும் மழைக்காலம் உண்டு. அதுவும் கொட்டித் தீர்க்கும் மழை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஊரே திரண்டு மசூதியைப் பூசுகிறது. இளைஞர்கள் கூடை கூடையாகச் சேறு சுமந்து ஓடுகிறார்கள். பெண்கள் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். மூத்த கொத்தனார்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். சுவரிலிருந்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள் அழகுக்கு மட்டும் வைத்தவை இல்லை. பூசுகிறவர்கள் ஏறி நிற்கும் நிரந்தரச் சாரம் அவை. கட்டும்போதே, இனி ஆண்டுதோறும் இதன்மேல் ஆட்கள் ஏறுவார்கள் என்று தீர்மானித்துக் கட்டியிருக்கிறார்கள்.

மழை குறைந்த கரையில் கை படாத நகரம் கரைகிறது. மழை மிகுந்த ஊரில் கை பட்ட மசூதி நிற்கிறது. அம்மாயியின் ஒற்றை வரிக்கு இதைவிடப் பெரிய பரிசோதனை எனக்குத் தெரியாது.

பாசிமேடு

ஊர் திரும்பிய பிறகு, பழநிக்குத் தென்மேற்கே 12 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் உள்ள பொருந்தலுக்குப் போனேன். சிறு வயதில் அணைக்கட்டைப் பார்க்கப் போன ஊர். அங்கே பழங்கால மக்கள் வாழ்ந்த மேட்டுக்கு ஊரார் வைத்த பெயர் பாசிமேடு. மழை மேல்மண்ணைக் கழுவும்போது பாசிமணிகள் வெளியே வரும் மேடு என்பதால் அந்தப் பெயர். காளிபங்கனில் வளையல், பொருந்தலில் பாசி. இரண்டு இடத்திலும் மேல்மண்ணைக் கழுவிக் கொடுத்தது மழை. பொறுக்கிப் பெயர் வைத்தது ஊர்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் இங்கே அகழாய்வு நடத்தினார். வாழ்விட மேட்டில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஈமக்காட்டின் கல்லறை ஒன்றில் நான்கு கால் ஜாடி. அதற்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். அதே கல்லறையில் தமிழி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியும் இருந்தது.

மண்ணுக்கு எளிதில் வயது சொல்ல முடியாது. களிமண் பாறை சிதைந்து உண்டானது. அதன் வயது மனிதனின் வயதைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் நெல் உயிரோடு இருந்த பொருள். அது வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்த கரியில் மிகச் சிறிய பங்கு கதிரியக்கமுள்ள கார்பன்-14. அறுவடைக்குப் பின் புதிய கரி சேராது. இருப்பதில் பாதி ஒவ்வொரு 5,730 ஆண்டிலும் சிதைந்து போகும். எஞ்சியதை முடுக்கி நிறை நிறமாலைமானி என்ற கருவியால் அணு அணுவாக எண்ணினால், அறுத்த காலம் தெரிந்துவிடும். பொருந்தல் நெல்லுக்குக் கிடைத்த காலம் கி.மு. 490. பழநி மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில் 2,500 ஆண்டுகளுக்கு முன் யாரோ நெல் விளைவித்து, இறந்தவருக்கு வழியனுப்பக் கொடுத்திருக்கிறார்கள். பானைக்கும் எழுத்துக்கும் காலம் சொன்னது அந்த நெல்.

இப்படிப்பட்ட மேடுகள்தான் நம் ஊர்களில் முதலில் காணாமல் போகின்றன. மேட்டு மண் சாம்பலும் மக்கிய பொருளும் கலந்தது, வயலுக்கு உரமாகும். சூளைக்கு ஆகும், பள்ளம் நிரப்ப ஆகும். பொக்லைன் ஒரு பகலில் எடுத்துவிடும். மழை 2,000 ஆண்டுகளில் செய்யாததை அது ஒரு பகலில் செய்துவிடும். மழை மேட்டின் தோலை மட்டும் சீவுகிறது. அடுக்கின் வரிசையைக் கலைப்பதில்லை. வரிசை போனால், ஒரு கூடை மணியும் ஒரு கூடை ஓடும் கையில் இருந்தாலும், எது முன், எது பின் என்று சொல்ல வழியில்லை. ஓடும் பாசியும் கண்ணில் படும் மேட்டைத் தோண்டும் முன் தொல்லியல் துறைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். நான் இந்த நூலில் வாசகரிடம் வைக்கும் மிகப் பெரிய வேண்டுகோள் இதுதான்.

தொடையளவு மண்ணுக்குக் கீழே

சென்ற ஆண்டு எங்கள் மாமா அம்மாயி வீட்டு இடத்தில் ஒரு சிறிய தளவீடு போட முடிவுசெய்தார். வானம் தோண்டும் நாளில் நானும் போயிருந்தேன். வடக்கு மூலையில் மட்டும் மெதுவாகத் தோண்டச் சொன்னேன். "என்னப்பா, புதையலா எடுக்கப் போறே?" என்று மாமா கேட்டார். ஆனாலும் கடப்பாரையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கரணையைக் கையில் கொடுத்தார்.

முதல் அரையடி, வேர் பின்னிய தளர்ந்த மண். அதற்குக் கீழே வரி வரியாகப் படிந்த வண்டல். ஒவ்வொரு வரியும் ஒரு மழை. அதற்கும் கீழே நாட்டோட்டுச் சில்லுகள். கணக்கு சொன்ன ஆழத்துக்குச் சற்று முன்பே மண்ணின் நிறம் மாறியது. தண்ணீர் தெளித்துக் காத்திருந்தோம். நேரான கோடு ஒன்று தெரிந்தது.

சுவர் நின்றுகொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்கு, உள்முகத்தில் சுண்ணாம்பு பெயராமல். வெளிமுகத்தை ஒட்டியிருந்த மண்ணை மாமா விரலாலேயே தள்ளினார். சுண்ணாம்பு உதிர்ந்த ஓரிடத்தில் கடைசியாகப் பூசிய செம்மண் பூச்சு அப்படியே இருந்தது. அதன்மேல் இடமிருந்து வலமாக, வளைந்து வளைந்து, நான்கு நான்கு கோடுகள்.

மாமா தன் கையை விரித்து அந்தக் கோடுகளின்மேல் வைத்துப் பார்த்தார். அவர் விரல்கள் பெரியவை, பொருந்தவில்லை. கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே இருந்தார். பிறகு எழுந்து, வானம் தோண்ட வந்தவர்களிடம் கயிற்றை மூன்றடி தெற்கே தள்ளிக் கட்டச் சொன்னார். அந்த மூலையை நாங்கள் தோண்டிய மண்ணாலேயே மூடினோம்.